கட்டி எந்தக் குழியிலிருந்து வந்தது? மதுரை நகைக்கடை முதலாளிகளுக்கு ஒரு பத்தரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகைக்கடை உரிமையாளர்களுக்கும் தங்கக்கட்டி வியாபாரிகளுக்கும்,

அட்சய திருதியை ஏற்பாடுகளுக்காக நீங்கள் கூடிய கூட்டத்தில், பட்டறைக்காரர்கள் நாங்கள் சிலர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். நீங்கள் வாங்கும் கட்டித் தங்கம் எந்த நாட்டில், எந்தச் சுரங்கத்தில் தோண்டியது என்பதைக் கட்டி வியாபாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள் என்பதுதான் அதில் இருந்த ஒரே வேண்டுகோள். செய்கூலியைக் கூட்டித் தாருங்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. மனுவை வாசித்தார்கள். "இது நம்ம வேலை இல்ல, அடுத்ததுக்குப் போவோம்" என்று மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். வெளியே வரும்போது ஒரு முதலாளி என் தோளில் கை போட்டு, "பத்தரே, வர்ற கஸ்டமர் ஒருத்தராவது இதக் கேட்டிருக்காங்களா? கட்டியில முத்திரை இருக்கு, பில்லு இருக்கு. அதுக்கு மேல நமக்கு எதுக்கு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பட்டறையில் போய் உட்கார என்னால் முடியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

கஸ்டமர் கேட்பதில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உண்மை இல்லை. தாலிக்குத் தங்கம் வாங்க வரும் பெற்றவர்கள் உங்கள் கடையில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் விற்பனைப் பையன்களிடம் விசாரியுங்கள். "இது ஏலத்துல வந்த நகைய உருக்குனது இல்லையே?" என்று கேட்பார்கள். அடகு வைத்து மீட்க முடியாமல் போன இன்னொரு குடும்பத்தின் வயிற்றெரிச்சல் தங்கள் பிள்ளையின் கழுத்தில் ஏறக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு. பட்டறையில் என்னிடமும் அதைத்தான் கேட்கிறார்கள். நல்ல நேரம் பார்த்து, குமுட்டி அடுப்புக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்துத் தங்கத்தைக் கொடுக்கிறவர்கள் அதன் பூர்வீகத்தைப் பற்றி நினைக்காதவர்கள் அல்ல. அடகுக்கடை வரைக்கும் அவர்களுக்குத் தெரியும், அதனால் அதுவரைக்கும் கேட்கிறார்கள். அதற்கு அப்பால் உள்ளதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

தெற்காவணி மூலவீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் பட்டறை இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து அதே இடம். 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயம் என்று வந்தபோது இந்த பஜாரில் என்ன பேச்சு ஓடியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு நகைக்கும் தனி எண்ணா, நடக்கிற காரியமா என்றார்கள். அந்த ஆகஸ்ட் 23 அன்று நாடு முழுக்க நகை வியாபாரிகள் அடையாள வேலைநிறுத்தமே செய்தார்கள். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எழுத்தும் எண்ணுமாக ஆறு இடம் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அந்தத் தனி அடையாள எண் இல்லாமல் நகையை விற்க முடியாது என்றானது. வியாபாரம் நின்றுவிட்டதா? இன்று ஒரு வளையலை வாங்கிய பெண் அந்த ஆறு எழுத்தைச் செல்போனில் அடித்தால் எந்தக் கடை, எந்த மையம் சோதித்தது, என்ன மாற்று என்பதெல்லாம் வந்துவிடுகிறது. ஆயிரத்தில் 916 பங்கு என்று சுத்தத்துக்குக் கணக்குக் கொடுக்க முடிந்த தொழில் இது. அந்தக் கணக்கு நம் ஊர்ச் சோதனை மையத்தின் வாசலோடு நின்றுபோகிறது. அதற்கு முன்னால் அந்தத் தங்கம் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, அதற்காக யார் அடி வாங்கினார்கள் என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

"முத்திரை இருக்கு" என்கிறீர்களே, அந்த முத்திரைக்கு முன்னால் நடப்பதை நான் கண்ணால் பார்த்தவன். இளவயதில் சில ஆண்டுகள் துபாயில், தேரா பகுதியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே வந்த தங்கத்தில் ஒரு பகுதி கட்டியாக வராது. கைக்குட்டையிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் சுற்றி, விமானத்தில் கைப்பையில் கொண்டுவந்த உருண்டைகளாக வரும். சிலது கோலிக்குண்டு அளவு, சிலது எலுமிச்சை அளவு. மேலே பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி துளைதுளையாக இருக்கும். பாதரசத்தைச் சேர்த்துப் பிடித்து, பிறகு நெருப்பில் காட்டி ரசத்தைப் போக்கிய தங்கம் அப்படித்தான் இருக்கும். ரசம் வெளியேறிய வழிகள்தான் அந்தத் துளைகள். முழுதாகப் போயிருக்காது. அதனால் மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், வைத்தவுடன் மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார். அடுப்புக்கு மேலிருந்த தகரக் கூண்டின் உட்பக்கத்தில் வெள்ளிப் பொட்டுகளாக ரசம் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். விற்க வந்தவருக்கு ரொக்கமாகப் பணம் எண்ணிக் கொடுப்பார்கள். எந்த ஊர்த் தங்கம் என்று ஒருமுறை கேட்டேன். "ஆப்பிரிக்கா" என்றார் மேஸ்திரி. ஆப்பிரிக்காவில் எங்கே என்றேன். வேலையைப் பார் என்றார்.

பல ஊர் உருண்டைகள் ஒரே மூசையில் விழும். ஊற்றினால் பளபளவென்று ஒரே கட்டி. அதற்கு மேல் எது சூடான், எது காங்கோ, எது கானா என்று உலகத்தில் எந்த உரைகல்லும் சொல்லாது. பத்தர் வேலை தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உருக்கின பிறகு கேட்டால் பதில் கிடைக்காது என்பதால்தான் உருக்குவதற்கு முன்பே எழுதி வைக்கச் சொல்கிறோம்.

அந்த உருண்டை கிளம்பிய இடத்தைப் பற்றி இப்போது தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கிழக்குக் காங்கோவில் தெற்குக் கிவு மாகாணத்தில் கமிதுகா என்று ஓர் ஊர். முன்பு பெரிய கம்பெனி தோண்டிய இடம், இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் கடப்பாரையும் சுத்தியலும் கையில் பிடித்துக் குழிக்குள் இறங்குகிறார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு வரும் வெள்ளைக்கல்லை இரும்பு உரலில் போட்டு இடிப்பது பெண்களின் வேலை. நாள் முழுக்க உலக்கை போட்டு, அந்தக் கல் தூசியை மூச்சில் இழுத்து, கிடைக்கும் கூலியில் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். 2020 செப்டம்பரில் பெருமழையில் அங்கே குழி சரிந்து குறைந்தது 50 பேர் உள்ளேயே புதைந்து செத்துப்போனார்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவிக்கக் காரணமான எம்பாக்ஸ் என்ற குரங்கம்மையின் புது வகை முதலில் தென்பட்டதும் இந்தக் கமிதுகாவில்தான். நெருக்கடியான குடிசைகள், ஊர் ஊராகப் போய்வரும் தொழிலாளர்கள், மருத்துவ வசதி இல்லாத சுரங்க ஊர். நோய்க்கு வேறென்ன வேண்டும்?

இது வெறும் ஏழ்மைக் கதை இல்லை. வடக்குக் கிவு, தெற்குக் கிவு, இதூரி மாகாணங்களில் குழிக்குள் இறங்க ஒரு வரி, கல்லை வெளியே எடுக்க ஒரு வரி, சாலையைக் கடக்க ஒரு வரி என்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வசூலிக்கிறார்கள். பல இடங்களில் ஆயுதக் குழுக்கள், சில இடங்களில் அரசுப் படையினரே. மாசிசி பகுதியில் ரூபாயா என்ற ஊரில், செல்போனுக்குள் போகும் டாண்டலம் உலோகத்தின் தாதுவான கோல்டானைத் தோண்டும் சுரங்கங்களை 2024இல் எம்23 என்ற கிளர்ச்சிப் படை பிடித்த பிறகு, அங்கே மட்டும் மாதத்துக்குச் சுமார் 8 லட்சம் டாலர் வரியாக வசூலாகிறது என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கோமா நகரமும் பிப்ரவரியில் புகாவுவும் அதே படையிடம் விழுந்தன. தோட்டா வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அந்தப் புகாவுவில்தான் டாக்டர் டெனிஸ் முக்வேகே 1999இல் தொடங்கிய பன்சி மருத்துவமனை இருக்கிறது. போரில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்து செய்தே ஆயுளைக் கழித்த மனிதர். சுரங்கங்களைப் பிடிப்பதற்காக ஊரையே விரட்டுகிறார்கள், ஊரை விரட்டப் பெண்களின் உடலைச் சிதைக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பவர். 2018இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய மேடையில் அவர் செல்போனை மட்டும் குறிப்பிடவில்லை. நகையை ரசிக்கும்போதும் அதற்கு மனிதர்கள் கொடுத்த விலையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள் என்று கேட்டார். நகைத் தொழிலில் இருக்கும் நாம் அதைக் காதில் வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்?

காங்கோவில் கையால் தோண்டும் தங்கத்தில் 98 சதவீதம் கடத்தலில்தான் வெளியேறுகிறது என்று 2014இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை மதிப்பிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து 2022இல் மட்டும் 435 டன் தங்கம் கணக்கில் வராமல் வெளியேறியது, அதில் மிகப் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனது என்கிறது சுவிட்சர்லாந்தின் தொண்டு அமைப்பான ஸ்விஸ்எய்டின் ஆய்வு. நம் நாடு ஆண்டுக்கு இறக்குமதி செய்வது ஏறக்குறைய 700, 800 டன். ஒப்பிட்டுப் பாருங்கள். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் இரண்டு தரப்புமே தங்கத்தை விற்றுத்தான் சண்டை போடுகின்றன, அந்தத் தங்கமும் பெரும்பாலும் அமீரகம் வழியாகத்தான் சந்தைக்கு வருகிறது. நாம் அமீரகத்திலிருந்து நிறைய வாங்குகிறோம். 2022 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில் அங்கிருந்து வரும் தங்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரை ஒரு சதவீதத் தீர்வைச் சலுகையும் உண்டு. உங்கள் லாக்கரில் இருக்கும் கட்டி அந்த 435 டன்னில் ஒரு துண்டு என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல உங்கள் கையில் ஒரு தாளும் இல்லை என்கிறேன்.

பாதரசத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். கையால் தங்கம் தோண்டும் தொழில்தான் இன்று உலகத்தில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு முதல் காரணம், சுமார் 38 சதவீதம் என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 மதிப்பீடு. எண்பதுக்குக் குறையாத நாடுகளில் ஒன்றரைக் கோடி பேர் அளவுக்கு இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும் மட்டும் 40, 50 லட்சம். பாதரசம் மட்டுமும் இல்லை. 2010இல் நைஜீரியாவின் சம்ஃபாரா பகுதியில் தங்கம் கலந்த பாறையை மாவு மில்லில் போட்டு அரைத்தார்கள். வீட்டு முற்றத்திலேயே கழுவினார்கள். அந்தப் பாறையில் ஈயமும் இருந்தது. குறைந்தது 400 குழந்தைகள் செத்துப்போனார்கள். தங்கம் ஈயம் என்று பிரித்துப் பார்க்கிற வயதா அது? முற்றத்து மண்ணில் தவழ்ந்த பிள்ளைகள்.

இதெல்லாம் தூரதேசத்து விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் நம் சந்துக்கு வாருங்கள். கடை திறக்கும் முன்பே துடைப்பமும் தூரிகையும் இரும்புச் சட்டியுமாகச் சில பெண்கள் வந்து பட்டறை வாசல் சாக்கடையைக் கூட்டி மண் அள்ளுவார்கள். அரம் போட்ட தூள், கைகழுவும் நீரில் போன பொடி, பாயில் ஒட்டி வெளியே வந்தது என்று அந்த மண்ணில் குன்றிமணி அளவாவது தங்கம் இருக்கும். அதை அகலத் தட்டில் அரித்து, கடைசியில் மிஞ்சும் கருமண்ணில் சில சொட்டு ரசத்தை விட்டு, வெறுங்கையால் பிசைவார்கள். ரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பழந்துணியில் வைத்துப் பிழிந்தால் ஒரு சாம்பல் நிற மணி மிஞ்சும். அதை ஒரு கரண்டியில் வைத்து வீட்டு அடுப்பிலேயே காட்டுவார்கள். பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அதே அடுப்பு. தேராவில் என் கைக்கு வந்த உருண்டையும் இந்த மணியும் ஒரே வேலையில் பிறந்தவை, அளவுதான் வேறு.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சின்ன வயதிலிருந்து இந்த வேலை செய்கிறார். இப்போது டீ கிளாஸைப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. பெயர்கள் மறந்துபோகின்றன. டாக்டரிடம் காட்டினீர்களா என்றால், "வயசாயிருச்சுல்ல தம்பி" என்கிறார். பாதரச ஆவி நரம்பைத் தாக்கும், நடுக்கமும் மறதியும் தூக்கமின்மையும் அதன் அடையாளங்கள். அவருக்கு வந்திருப்பது அதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரத்தமும் சிறுநீரும் சோதித்தால் தெரிந்துவிடும். இத்தனை ஆண்டு இந்த பஜாரின் வாசலைக் கூட்டியவருக்கு அந்தச் சோதனையைச் செய்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

தங்கத்துக்காக மண்ணுக்குள் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு. கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர். வராந்தாவில் உட்கார்ந்து இருமுவதைத் தவிர அவர் வேறெதுவும் செய்து நான் பார்த்ததில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. கல்தூசி அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

"வங்கி மூலமா வருது, பெரிய கம்பெனி கட்டி, அவங்க பாத்துக்குவாங்க" என்றும் கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. சரி, அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் தாள் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். தகரம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கையும் காங்கோவிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும் வாங்கும் நிறுவனங்கள் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டம் போட்டது. ஐரோப்பாவில் 2021 முதல் இறக்குமதியாளர்களுக்கே அந்தக் கடமை வந்தது. லண்டன் தங்கச் சந்தையின் அங்கீகாரம் பெற விரும்பும் சுத்திகரிப்பு ஆலைகள் இப்படி விசாரிக்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. அமீரகமே 2023 முதல் தன் ஆலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்த விதிகளில் ஓட்டைகள் உண்டு, பழைய நகையை உருக்கியது என்று எழுதி வைத்துப் புதுத் தங்கத்தை நுழைப்பதும் நடக்கிறது. ஆனாலும் கேட்கிற இடத்தில்தான் ஓட்டை அடைபடும். நம் நாட்டில் தங்கத்துக்கு அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை என்பது, கேட்கக் கூடாது என்பதற்குச் சட்டமாகிவிடாது. பட்டை தீட்டாத வைரத்துக்கு 2003 முதல், கலகப்படைகளுக்குப் பணம் போகாத வைரம் என்று சொல்லும் கிம்பர்லி சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு போக முடியாது. அதிலும் குறைகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூக்குத்திக் கல்லுக்கு இருக்கிற கேள்வி, அந்தக் கல்லைப் பதித்த தங்கத்துக்கு ஏன் இல்லை?

இன்னொரு எதிர்ப்பேச்சை நான் மதிக்கிறேன். "அங்க இருக்கிற ஏழை பாழை அதை நம்பித்தானே பிழைக்கிறான், நாம வாங்காட்டி அவன் வயித்துல அடிச்ச மாதிரி ஆகாதா?" என்று எங்கள் பட்டறைக்காரர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. 2010 செப்டம்பரில் காங்கோ அரசு கிழக்கு மாகாணங்களில் கையால் தோண்டும் வேலையை ஒட்டுமொத்தமாக நிறுத்தி வைத்தது, 2011 மார்ச் வரை. அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து வெளிநாட்டுக் கம்பெனிகளும் அந்தப் பக்கமே தலைவைக்காமல் ஒதுங்கின. அடுப்பெரியாமல் போனது தோண்டியவன் வீட்டில்தான். துப்பாக்கிக்காரன் கடத்தலில் பிழைத்துக்கொண்டான். அதனால் ஆப்பிரிக்கத் தங்கமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, யாராவது அப்படிக் கேட்டால் எதிர்ப்பேன். பாதரசத்தைக் குறைத்து, சங்கமாகச் சேர்ந்து, ஆயுதக்காரனுக்கு வரி கட்டாமல் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபேர்மைன்டு, ஃபேர்டிரேடு போன்ற சான்றோடு அப்படிப்பட்ட தங்கம் சந்தைக்கும் வருகிறது. கொஞ்சம் விலை கூடும். பவுன் ஒரு லட்ச ரூபாயைத் தொட்டுவிட்ட காலத்தில் அந்தக் கூடுதல் தாங்க முடியாத ஒன்றல்ல. விலை ஏற ஏற அங்கே புதுக் குழிகளும் கூடிக்கொண்டே போகின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். இங்கே போர்டில் எழுதும் விலை அங்கே ஒரு பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து குழிக்குக் கூப்பிடுகிற விலை.

மேலே சொன்ன நான்கில் டங்ஸ்டன் என்ற பெயர் மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 2,015 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போட்டார்கள் என்று தெரிந்தபோது இந்த மாவட்டம் என்ன செய்தது? மேலூரில் கடையடைப்பு நடந்தது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. கிரானைட் குவாரிகளில் மலையைத் தின்றவர்கள் மேலூர்ப் பக்கத்தை என்ன பாடுபடுத்தினார்கள் என்று பார்த்த ஜனம், அதனால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொண்டார்கள். உங்களில் பலர் அந்தப் போராட்டத்துக்குத் துணை நின்றீர்கள், பணமும் சாப்பாடும் கொடுத்தீர்கள், எனக்குத் தெரியும். நம் மலையை, கண்மாயை, குடைவரைக் கோயிலைத் தோண்டக் கூடாது என்று நின்ற நீங்கள், இன்னொருவர் மலையிலிருந்து துப்பாக்கி முனையில் வந்த கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அரிட்டாபட்டி மக்களுக்கு சட்டமன்றமும் ஊடகமும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். கமிதுகாவில் கல் இடிக்கிற பெண்ணுக்கு இந்த ஊரில் பேச யாரும் இல்லை. அவர் இடித்த கல்லிலிருந்து வந்த தங்கம் மட்டும் இங்கே வந்துசேர்கிறது.

நாங்கள் கேட்பது இவைதான்.

கட்டி வியாபாரிகளே, நீங்கள் விற்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் அதைச் சுத்திகரித்த ஆலை எது, அந்த ஆலைக்கு மூலத் தங்கம் எந்த நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்தது, அல்லது எந்தப் பழைய நகையை உருக்கியது என்று பில்லோடு ஒரு தாள் கொடுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர் தர மறுத்தால், தர மறுத்தார் என்பதையே எழுதிக் கொடுங்கள். அதுவும் எங்களுக்குத் தகவல்தான்.

கடை முதலாளிகளே, அந்தத் தாள் இல்லாத கட்டியை வாங்குவதைப் படிப்படியாக நிறுத்துங்கள். நாளைக்கே முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். தாலிக்கும் திருமாங்கல்யக் கொடிக்கும் போகிற தங்கத்திலிருந்து தொடங்குங்கள், ஓர் ஆண்டில் மற்றவற்றுக்கும் கொண்டுவாருங்கள். உங்களிடம் மாற்ற வரும் பழைய நகையை யாரிடம், என்றைக்கு, எத்தனை கிராம் வாங்கினீர்கள் என்ற கணக்கோடு தனியே உருக்கி, தனியே வையுங்கள். மதுரைப் பெட்டகங்களில் உள்ள பழைய தங்கமே ஏராளம், அதை ஒழுங்காகக் கணக்கு வைத்தால் எந்தக் குழியையும் நம்பாமல் பல நகைகளைச் செய்துவிடலாம். உருக்குவதும் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு. தொகுதிவாரியாகப் புத்தகம் எழுதி வைக்கப் பட்டறைகள் தயாராக இருக்கின்றன, அதற்குக் கூடுதல் கூலி கேட்க மாட்டோம்.

உங்கள் சங்கத்தின் பெயரில் இந்தியத் தர நிர்ணய அமைப்புக்கும் மத்திய வர்த்தக அமைச்சகத்துக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். எச்.யு.ஐ.டி.யை அடித்தால் வரும் விவரங்களோடு தங்கத்தின் மூலம் என்று ஒரு வரியும் சேர வேண்டும் என்று கேளுங்கள். மதுரையிலிருந்து அந்தக் கோரிக்கை முதலில் போனால் அது இந்த பஜாருக்குப் பெருமை.

சந்தில் மண் அரிக்கும் பெண்களுக்கு இந்த ஆண்டே ஒரு மருத்துவ முகாம் வையுங்கள், பாதரசம் இருக்கிறதா என்று இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற முகாமாக. அதோடு பட்டறைகளின் மண்ணை மொத்தமாகச் சேர்த்துப் பாதரசம் இல்லாமல் தங்கம் பிரிக்கும் ஆலைக்கு அனுப்பி, வரும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் வருமானத்தைப் பறித்துவிட்டுப் பாதுகாப்புக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

மேசையின் ஓரத்தில் வைத்த எங்கள் மனுவை அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்து விவாதியுங்கள். எங்களில் இருவரைப் பேச அனுமதியுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும், ஏற்பதானாலும் மறுப்பதானாலும், ஆடிப்பெருக்கு விற்பனைக்கு முன்பாக எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தெற்காவணி மூலவீதிப் பக்கத்துப் பட்டறைப் பத்தர் ஒருவர்,
மதுரை